நெட்டைச் சங்கு, குட்டைச் சங்கு

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, தலை நிறைய ஷாம்பு நுரையோடு இசக்கி நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. கம்பெனியின் பெர்சனல் மேனேஜர் தணிகாசலம்தான்.

"எங்க இருக்க இசக்கி?"

"குளிச்சிட்டு இருக்கேன் சார்."

"குளி, குளி. நல்லா தேச்சிக் குளி. இங்க நானூறு பேரு தட்டை எடுத்துகினு கேண்டீன்ல நிக்கிறாங்க. உன் சங்கு சாப்பாட்டுக்குக் கூப்ட்டுடுச்சி."

"மணி ஏழுதான சார் ஆகுது?"

"அது உனக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது. சங்குக்குத் தெரியலையேப்பா."

ஒரகடத்தில் கார்க் கதவுகளுக்குக் கைப்பிடி செய்கிற கம்பெனி அது. லைனில் நிற்பவர்கள் கைக்கடிகாரம் கட்டக் கூடாது, கைப்பிடியில் கீறல் விழுந்துவிடும். போனையும் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே அந்த நானூறு பேருக்கும் நேரம் என்பது சங்கு சொல்வதுதான். குட்டையாக ஒருமுறை ஒலித்தால் பத்து மணி, டீ. நெட்டையாக ஒலித்தால் பன்னிரண்டரை, சாப்பாடு. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் எங்கோ தீப்பிடித்திருக்கிறது, எல்லாரும் மைதானத்துக்கு ஓட வேண்டும். விட்டுவிட்டு ஒரு நிமிடம் முழுக்க ஒலித்தால் முதலாளி வீட்டில் துக்கம். இந்தக் கடைசி வகை இதுவரை ஒலித்ததில்லை என்றாலும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அந்தத் தெருவிலிருந்த கம்பெனிகள் எல்லாவற்றிலும் இதே வழக்கம், இதே நேரம்தான்.

முன்பெல்லாம் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி சின்னப்பையன் ஒரு சிவப்புப் பொத்தானை அமுக்கிச் சங்கை ஊதுவார். போன மாதம் கம்பெனியின் ஒரே கம்ப்யூட்டர்காரனான இசக்கி அதை நவீனப்படுத்தினான். செக்யூரிட்டி அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, அதில் ஒரு வெப் பேஜ் எழுதிவிட்டான். அன்றைய தேதியை எடுத்து, அதற்குள் மணியையும் நிமிடத்தையும் பொருத்தி வைத்தால் போதும், நேரம் வந்ததும் அதுவே ஊதும். ஒரு மாதமாக ஒரு நொடி பிசகவில்லை. முதலாளி நரசிம்மனே ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "யாருய்யா அந்தத் திருநெல்வேலிப் பையன்?" என்று விசாரித்தாராம்.

அந்த விசாரிப்பின் பலன், இசக்கியைப் பெர்மனென்ட் ஆக்கும் கடிதம் டைப் ஆகி, கையெழுத்துக்காக முதலாளி மேஜையில் இருந்தது. அவனுடைய கான்ட்ராக்ட் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. சாத்தான்குளத்தில் உரக்கடை வைத்திருக்கும் தாய்மாமன் அய்யாத்துரை, வேலை நிரந்தரம் ஆனால்தான் மகள் கனகலட்சுமியைத் தருவேன் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை உடன்குடியிலிருந்து வேறொரு வீட்டார் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். கனகலட்சுமி இல்லாவிட்டால் இசக்கிக்கு எதுவும் இல்லை. அதை அவளிடம்கூட அவன் உருப்படியாகச் சொன்னதில்லை, ஆனால் உண்மை அதுதான்.

பாதி நுரையோடு கம்பெனிக்கு ஓடினான். கேண்டீன் வாசலில் ஞானம்மா அக்கா கரண்டியோடு வழிமறித்து நின்றார்.

"வாடாப்பா. அரிசியே இன்னும் ஒலைல போடல, சோறு எங்கன்னு கேக்குறானுங்க. காலைல வந்த இட்லியையே ரெண்டாவது தபா சாம்பார்ல முக்கிக் குடுத்துகினு கீறேன்."

"ஒரு சின்னத் தப்புக்கா. சரி பண்ணிருதேன்."

செக்யூரிட்டி அறைக்குள் நுழைந்து கம்ப்யூட்டரைப் பார்த்தான். பன்னிரண்டு முப்பது என்று தெளிவாகத்தான் இருந்தது. இசக்கி விரல் விட்டு எண்ணினான். பன்னிரண்டரையில் ஐந்தரை போனால் ஏழு. நமக்கும் லண்டனுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அவன் முகம் மலர்ந்தது.

"பிடிச்சிட்டேன் அண்ணாச்சி. கம்ப்யூட்டர் லண்டன் நேரத்துக்குப் போயிட்டு."

சின்னப்பையன் சாமிப் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். பொட்டு வைத்த பெரிய புனல் மாதிரி ஏதோ ஒன்றுதான் அவருக்கு ஊதுபத்தி ஸ்டாண்டு. "தம்பி, இந்தச் சங்கு விசயம் இன்னான்னா..." என்று ஆரம்பித்தார்.

"இது புரோகிராம் அண்ணாச்சி. சொன்னா ஒங்களுக்கு வெளங்காது."

சின்னப்பையன் தோளைக் குலுக்கிவிட்டு லாரிக்குக் கேட்டைத் திறக்கப் போனார். யாரையும் பேசி முடிக்கவிடாத குணம் இசக்கிக்குப் பிறவியிலேயே உண்டு. இசக்கி ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டு, மதிலுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்த சங்கை எச்சரிக்கும் விதமாக ஒருமுறை பார்த்துவிட்டு வந்தான்.

அன்று மதியம் சங்கே ஒலிக்கவில்லை. காலையிலேயே அடித்துவிட்டதால் இனி நாளைக்குத்தான் அடிக்கும் என்று தணிகாசலத்துக்கு விளக்கினான். அவர் பற்களுக்கு இடையில் ஒரு மூச்சு விட்டார்.

சாயங்காலம் டீக்கடைக்குப் போனதும்தான் இசக்கிக்கு உயிர் வந்தது. அங்கே அவனை மதிக்கிற ஒரே ஜீவன் காத்திருந்தது. ஜோயல், சேரப்பணஞ்சேரிப் பையன். மதிலுக்கு அந்தப் பக்கம், வைப்பர் செய்கிற கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவன். திங்கட்கிழமையிலிருந்து ஏதோ ஒரு வெப் பேஜ் வேலையை அவன் தலையில் கட்டியிருந்தார்கள். தினமும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு இசக்கியிடம் சந்தேகம் கேட்பான்.

"அண்ணா, நேத்து நீ சொன்னத எடுத்துட்டேண்ணா. சரிப்படல."

"ஒனக்கு வைக்கத் தெரிஞ்சிருக்காது. சரி, இன்னைக்கு என்ன?"

"எங்க கம்பெனில இன்னான்னா..."

"எதுக்குன்னு கதை சொல்லாத. டைம்னா டைம்தான். கேள்விய மட்டும் கேளு."

ஜோயல் தலையைச் சொறிந்தான். "காலைல ஒரு டைம், மத்தியானம் ஒரு டைம் வெக்கணும்ணா. ரெண்டு டேட் வேணுமா?"

"எதுக்குல ரெண்டு? காலைக்கு ஒண்ணு வச்சிருக்கல்லா. மத்தியானமும் அதேதான்னு ஒரு சமக்குறி போடு. பொறவு செட் ஹவர்ஸ்னு போட்டு மணிய மட்டும் மாத்திக்க. ஒரு வரி மிச்சம். பெரிய கம்பெனில எல்லாம் இப்படித்தான் செய்யுதான்."

பெரிய கம்பெனியில் எப்படிச் செய்கிறார்கள் என்று இசக்கிக்குத் தெரியாது. ஆனால் அடுத்தவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்கும்போது ஒரு தோரணை தானாக வந்துவிடுகிறது. தன் சங்கு காலையில் செய்த காரியத்தைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. குருவுக்கு ஒரு மரியாதை இருக்கிறது அல்லவா.

புதன்கிழமை பத்து மணிக்கு டீச் சங்கு ஒலிக்கவில்லை. நானூறு பேரும் பொறுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டரைக்குச் சரியாக நெட்டைச் சங்கு ஒலித்தது. இசக்கி தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரு பெருமூச்சு விட்டான். அந்த மூச்சு முடிவதற்குள் குட்டைச் சங்கும் ஒலித்துவிட்டது.

நெட்டையும் குட்டையும் சேர்ந்தால் தீ. சோற்றில் கை வைத்தவர்கள் வைத்த கையோடு ஓடினார்கள். சிலர் தட்டோடு ஓடினார்கள். முந்தின நாள் பெய்த மழையில் மைதானம் சேறாகக் கிடந்தது. அதில் நானூறு பேரும் வரிசையாக நின்று, சூப்பர்வைசர்கள் தலை எண்ணினார்கள். தணிகாசலம் ஒரு கையில் அப்பளத்தோடு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"எங்கப்பா நெருப்பு?"

"நெருப்பு இல்ல சார். டீச் சங்கும் சாப்பாட்டுச் சங்கும் ஒரே நேரத்துக்கு வந்துட்டு."

"பத்து மணிக்கு வர வேண்டியது ஏன் பன்னெண்டரைக்கு வந்துச்சி?"

"பாத்து சொல்லுதேன் சார்."

"நீ பாக்கப் பாக்கத்தான் மோசமாவுது. நேத்து சோறு இல்ல, இன்னிக்கி சோத்துல சேறு." தணிகாசலம் அப்பளத்தைப் பார்த்தார், அது நமத்துப் போயிருந்தது. "முதலாளி காதுக்கு இன்னும் போவல. போச்சின்னா அந்த லெட்டர்ல நானே கப்பல் செஞ்சி இந்தத் தண்ணில வுட்டுருவேன்."

இசக்கி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அவன் எழுதியதில் டீக்கு ஒரு தேதி, சாப்பாட்டுக்கு ஒரு தேதி என்று தனித்தனியாகத்தான் இருந்தது. நேற்று கூட்டிய ஐந்தரை மணி நேரம்தான் குழப்புகிறது என்று முடிவு செய்து அதை எடுத்தான். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு இடங்களில் எண்களை மாற்றினான். காய்ச்சல்காரனுக்கு இருக்கிற மாத்திரையை எல்லாம் கொடுப்பது போல்தான் அதுவும்.

மாலையில் கனகலட்சுமி பேசினாள்.

"லெட்டர் வந்துட்டா அத்தான்?"

"வந்துரும். சின்ன டைமிங் பிரச்சனை."

"அப்பா சனிக்கிழமைக்கு லட்டு சொல்லியாச்சு. ஒரு மணி அடிக்க ஒங்களுக்கு எத்தனை நாளு வேணும்? எங்க பள்ளிக்கூடத்துல ஏழாங்கிளாஸ் படிக்கையில நானே அடிச்சேன், ஒரு தண்டவாளத் துண்டும் ஒரு கம்பியும்தான்."

இசக்கி டீக்கடைக்கு நடந்தான். ஜோயல் இரண்டு நாளில் இளைத்த மாதிரி இருந்தான்.

"நேத்து சொன்னதையும் எடுத்துட்டேண்ணா. எங்க மேனேஜர் என்ன ஒரு மாதிரி பாக்குறாரு."

"பாக்கட்டும். வேலைன்னா அப்படித்தான். இன்னைக்கு என்ன சந்தேகம்?"

"ஒவ்வொரு நொடியும் கடிகாரத்தப் பாக்குது என் பேஜு. நொடி வரைக்கும் ஒத்துப்போவணுமாண்ணா?"

"நொடியெல்லாம் ராக்கெட் விடுதவன் பாப்பான். நமக்கு எதுக்கு? மணியும் நிமிஷமும் ஒத்துப்போச்சுன்னா வேலையச் செய்யின்னு எழுது. முடிஞ்சு போச்சு."

"தேங்க்ஸ்ணா. நீ இல்லன்னா நான் என்னா பண்ணுவேன்னே தெரியல."

அந்த ஒரு வாக்கியத்தில் இசக்கியின் மனக்காயத்துக்கு மருந்து போட்ட மாதிரி இருந்தது. கூட ஒரு பஜ்ஜியும் சொன்னான், அதற்கும் ஜோயல்தான் காசு கொடுத்தான்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் குட்டைச் சங்கு ஒலித்தது. சரியாக ஒலித்தது. பிறகு மறுபடியும் ஒலித்தது. பிறகு விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டே இருந்தது. இசக்கி படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, செக்யூரிட்டி அறைக்குள் பாய்ந்து, கம்ப்யூட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். அந்த நொடியில் சங்கும் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தான். மணி பத்து ஒன்று. சரியாக ஒரு நிமிடம் ஒலித்திருக்கிறது.

மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. தொழிலாளிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஞானம்மா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருமுறை அவருடைய மகளின் பள்ளிக் கட்டணத்தை முதலாளி கட்டியிருந்தார். யூனியன்காரர்கள் வேகமானவர்கள், கால் மணி நேரத்தில் படப்பையிலிருந்து ஆளுயர ரோஜா மாலை வந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு நானூறு பேரும் மாடி ஏறினால், முதலாளி நரசிம்மன் தன் அறையில் உட்கார்ந்து ஜீரக பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

முன்னால் நின்றவர்கள் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்கள். பிறகு யூனியன் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்க நூறு வருசம் இருக்கணும் சார்," என்று சொல்லி மாலையை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார். வாங்கிய மாலையை வேறு என்ன செய்வது.

மாலையோடு நரசிம்மன் இசக்கியைக் கூப்பிட்டனுப்பினார். தணிகாசலம் பக்கத்தில் நின்றார்.

"எங்க அம்மாவுக்கு எண்பத்தாறு வயசு," என்றார் நரசிம்மன் மெதுவாக. "பக்கத்துத் தெருவுல இருக்கிற என் மச்சினன் சங்கைக் கேட்டுட்டு அவங்களுக்கு போன் பண்ணியிருக்கான். அவங்க எனக்கு போன் பண்ணி, நான் இருக்கேனான்னு கேட்டாங்க."

"மன்னிச்சிருங்க சார்."

"ஒரு மாசம் ஒழுங்கா அடிச்சுது, அதனால இன்னும் ஒரே ஒரு சான்ஸ் தரேன். நாளைக்குக் காலைல பத்து மணிச் சங்கு. நானே கேட்ல நின்னு பார்ப்பேன். சரியா அடிச்சா அங்கேயே கையெழுத்து. இல்லேன்னா அப்படியே ஊருக்குப் பஸ் ஏறிடு. பத்தரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு முடிஞ்சிடணும்."

அன்று மதியம் சங்கே ஒலிக்கவில்லை. கைதட்டித்தான் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

இசக்கி அதுவரை செய்யாத ஒரு காரியத்தை அன்று செய்தான். தேதி, நேரம் பற்றி இணையத்தில் எழுதி வைத்திருக்கும் பாடத்தை முதல் வரியிலிருந்து படித்தான். படிக்கப் படிக்க அவன் காது சூடாகியது. ஒரு தேதிக்குச் சமக்குறி போட்டு இரண்டு பெயர் வைத்தாலும் ஆள் ஒன்றுதான், ஒன்றில் மணியை மாற்றினால் மற்றதிலும் மாறிவிடும் என்று எழுதியிருந்தது. நொடியைப் பார்க்காமல் விட்டால் அந்த நிமிடத்தின் அறுபது நொடியும் பொருந்தும் என்றும் எழுதியிருந்தது. அவனுடைய சொந்தப் புரோகிராமில் இந்தத் தப்பு எதுவும் இல்லை. ஜோயலுக்குச் சொல்லிக்கொடுத்ததில்தான் எல்லாமே இருந்தது. தன் வேலை போகப் போகிற நாளில், அந்த வெள்ளந்திப் பையனின் வேலைக்கும் உலை வைத்துவிட்டோமே என்று நினைத்தபோது அவனுக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

டீக்கடையில் அன்று அவன்தான் காசு கொடுத்தான்.

"ஜோயல், நான் சொன்னது மூணும் தப்புடே. திங்கக்கெழமை அஞ்சரை மணி நேரம் கழிக்கச் சொன்னேன் பாரு, மிஷினு இங்கனயே இருந்தா அது வேண்டாம். ரெண்டு டைமுக்கும் ஒரே டேட்டு வைக்கச் சொன்னதும் தப்பு. நொடியப் பாக்காதன்னதும் தப்பு. நான் ஒண்ணும் தெரியாத பய. தனித்தனியா ரெண்டு டேட் வை. மணி, நிமிஷம், நொடி, எல்லாத்தையும் வை. நொடி பூஜ்யம்."

ஜோயல் எல்லாவற்றையும் கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். "என் பேஜயும் காலைலயே நிறுத்தி வெச்சிட்டாங்கண்ணா. நீ ஏண்ணா அழுவுற?"

"புகை. அடுப்புப் புகை."

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு இசக்கி செக்யூரிட்டி அறைக்குள் இருந்தான். புரோகிராமை அவன் நம்பவில்லை. தன்னையும் நம்பவில்லை. பிடுங்கிய வயரை மறுபடி சொருகவே இல்லை, சுருட்டிப் பேன்ட் பையில் வைத்திருந்தான். அவன் திட்டம் எளிமையானது. சுவரில் சின்னப்பையனின் பழைய சிவப்புப் பொத்தான் இருந்தது. போனில் நொடியைப் பார்த்துக்கொண்டே பத்து மணிக்கு அதைக் கையால் அமுக்கிவிடுவது. கனகலட்சுமி ஏழாம் வகுப்பில் செய்த வேலைதான்.

வெளியே நரசிம்மன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தணிகாசலம் பேனாவும் கடிதமுமாக நின்றார். அந்தப் பக்கம் சின்னப்பையன் ஒரு லாரி டிரைவரோடு செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று பேசிக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. இசக்கியின் விரல் பொத்தானை நோக்கிப் போனது. ஐம்பத்தொன்பது. வேர்வையில் போன் நழுவியது. அதை இடக்கையால் பிடிக்கப் போய், வலக்கை பொத்தானுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது.

சங்கு ஒலித்தது.

குட்டையாக, ஒரே ஒருமுறை, பத்து மணி பூஜ்யம் நிமிடம் பூஜ்யம் நொடிக்கு ஒலித்துவிட்டு நின்றது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. இசக்கி தன் விரலைப் பார்த்தான். பொத்தானைப் பார்த்தான். பையிலிருந்த வயரை வெளியே எடுத்து அதையும் பார்த்தான்.

"பிரமாதம்," என்றார் நரசிம்மன். தணிகாசலத்தின் முதுகையே மேஜையாக்கிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "ஒரு நொடி முன்ன இல்ல, ஒரு நொடி பின்ன இல்ல. இதுக்குத்தான்யா படிச்ச பையன் வேணும்கிறது."

இசக்கி கடிதத்தை வாங்கிக்கொண்டான். முதலில் கனகலட்சுமிக்குத்தான் போன் போட்டான்.

"லெட்டர் கெடச்சிட்டு. லட்ட நிறுத்தாண்டாம், அத எனக்கு வச்சிருக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. பிறகு, "அப்பா கடையிலதான் இருக்காவ. நான் ஓடிப் போயிச் சொல்லுதேன்," என்றாள். தனக்கு அவள் எவ்வளவு முக்கியமோ, அவளுக்குத் தானும் அவ்வளவு முக்கியம் என்பது இசக்கிக்கு அப்போதுதான் தெரிந்தது. சிறிது நேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

லாரியை அனுப்பிவிட்டுச் சின்னப்பையன் அறைக்குள் வந்தார். சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த பொட்டு வைத்த புனலில் புது ஊதுபத்தியைச் சொருகினார். இசக்கி வயரை அவர் முன்னால் நீட்டினான்.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர் ஓடல. பொத்தான நான் தொடல. பொறவு நம்ம சங்கு எப்படி அடிச்சிது?"

வாழ்க்கையில் முதல்முறையாக, ஒருவர் சொல்லி முடிக்கும் வரை இசக்கி வாயைத் திறக்காமல் நின்றான்.

"நம்ப சங்கு எங்க அடிச்சிது தம்பி? அத ஆயுத பூஜைக்குக் கழட்டித் தொடச்சி பொட்டு வெச்சதோட சரி, மாட்டவே இல்ல, இதோ இதுலதான் நான் ஊதுபத்தி சொருவுறேன். மதில் மேல தெரியுதே, அது பக்கத்துக் கம்பெனிச் சங்கு, அத வெச்சிதான் ஒரு மாசமா நம்ப பொழப்பு ஓடுது, அதப் பாத்துக்குற ஜோயலும் நல்ல பையன்தான், இன்னா ஒண்ணு, டீக்கடைல எவனோ ஒரு அரைவேக்காடு தப்புத் தப்பா சொல்லிக்குடுத்து நாலு நாளா அவனப் பாடா படுத்திட்டானாம்."